கட்டைக் குரலும் ஜப்பானிய கரோக்கேயும்: இன்றைய ஆண் பாடகர்களின் பாட்டைப் பாடும் வழி

ஜப்பானுக்கு வேலைக்கு வந்த நம்மவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் வீட்டு வாடகைக்கும் விசாவுக்கும் அடுத்தபடி வருவது இதுதான்: "அண்ணா, டிசம்பர்ல ஆபீஸ் பார்ட்டி. முடிஞ்சதும் கரோக்கே போவாங்களாம். என்ன பாட்டு எடுக்கலாம்?" கேட்பவர் போனில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும். எல்லாம் இப்போது ஓடும் ஆண் பாடகர்களின் பாட்டுதான். யோனெஸு கென்ஷியின் 'கிக் பேக்' இருக்கும், கிங் நூவின் 'ஹகுஜித்ஸு' இருக்கும், மிஸஸ் கிரீன் ஆப்பிள் குழுவின் ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். நான் அந்தப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பே கேட்பது, "உங்க குரல் எதுவரைக்கும் போகும்?" என்றுதான்.

ஏனென்றால் ஜப்பானின் இன்றைய ஆண் பாடகர்கள் பாடும் உயரம் சாதாரண ஆண் குரலுக்கு எட்டாத உயரம். இந்தப் பத்துப் பதினைந்து வருடத்தில் அது இன்னும் ஏறியிருக்கிறது. உச்சத்தில் மெல்லிசாக எடுக்கும் பொய்க்குரலுக்கும் இயல்பான நெஞ்சுக்குரலுக்கும் இடையில் நொடிக்கொரு தரம் தாவுவதுதான் இப்போதைய பாணி. 'கிக் பேக்' 2022-இல் 'செயின்சா மேன்' அனிமேவுக்காக வந்தது. அமெரிக்காவில் தங்கச் சான்று வாங்கிய முதல் ஜப்பானிய மொழிப் பாட்டு என்ற பெருமை அதற்கு உண்டு. இருக்கட்டும். அந்தப் பெருமை மைக் பிடித்து நிற்கும்போது நம் தொண்டைக்கு எந்த வகையிலும் உதவாது. எனவே புகழைப் பார்த்துப் பாட்டு எடுக்காதீர்கள். உங்கள் குரல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து எடுங்கள். எனக்குக் கட்டைக் குரல், பஜனை கோஷ்டியில் பின்பாட்டு பாடிப் பழகியது. அந்தக் குரலை வைத்துக்கொண்டு ஜப்பானியர்கள் நடுவில் தைரியமாகப் பாடுகிறேன் என்றால் அதற்குக் காரணம் ஒரே ஒரு பொத்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கரோக்கே எந்திரத்தில் 'கீ' என்று ஒரு ஜோடிப் பொத்தான் உண்டு. ஒன்றில் பிளாட் குறி, இன்னொன்றில் ஷார்ப் குறி. ஒரு தட்டுக்கு அரைச் சுரம் இறங்கும் அல்லது ஏறும். ஆர்மோனியம் தெரிந்தவர்களுக்கு, வெள்ளையோ கறுப்போ, பக்கத்துக் கட்டைக்கு நகர்வது என்று சொன்னால் போதும். பாட்டின் வேகம் மாறாது, சுருதி மட்டும் மாறும்.

எத்தனை தட்டு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஜப்பானில் கரோக்கே பிரியர்கள் சுர உயரத்தைக் குறிக்கத் தங்களுக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பியானோவின் நடுவிலுள்ள ஸி 'மிட் 2 ஸி'. அங்கிருந்து ஏறி வரும் ஜி 'மிட் 2 ஜி'. அதற்கு அடுத்த ஏ-விலிருந்து 'ஹை' தொடங்கிவிடும்: ஹை ஏ, ஹை பி, ஹை ஸி. பாட்டின் பெயரோடு 'சாய்கோஓன்' என்று ஜப்பானிய எழுத்தில் சேர்த்துத் தேடினால், அந்தப் பாட்டின் உச்ச சுரத்தை நெஞ்சுக்குரலுக்குத் தனியாகவும் பொய்க்குரலுக்குத் தனியாகவும் போட்டுக் காட்டும் பக்கங்கள் ஏராளமாக வரும். நெஞ்சுக்குரல் 'ஜிகொஎ', பொய்க்குரல் 'உரகொஎ'. இந்த இரண்டு சொல்லையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி எதிர்ப்படும்.

பயிற்சி இல்லாத ஆண் குரல் பொதுவாக மிட் 2 எஃப், ஜி பக்கம் வரும்போது இறுகத் தொடங்கும். நம் பேச்சில் சொன்னால் நடு ஸ்தாயியின் நாலு கட்டை, ஐந்து கட்டை. ஒரு கட்டை என்பது ஸி என்று வைத்துக்கொண்டால் கணக்கு தானாக வரும். உங்கள் சுவர் எங்கே என்று போனில் ஒரு பியானோ செயலியை இறக்கிக்கொண்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள். 'ஆ' என்று கத்தாமல், நிதானமாக மூன்று நொடி நிறுத்திப் பிடிக்க முடிகிற கடைசி சுரம்தான் உங்கள் எல்லை. எட்டிப் பிடித்த சுரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதன் பிறகு வெறும் கழித்தல்தான். பாட்டின் உச்சம் ஹை பி, உங்கள் எல்லை மிட் 2 ஜி என்றால் நாலு தட்டு கீழே. முடிந்தது.

கீழே இறக்கினால் இன்னொரு தொல்லை வரும். கோரஸ் வசதியாக உட்காரும், ஆனால் பாட்டின் தொடக்கம் முணுமுணுப்பாகிவிடும். ஜப்பானியப் பாட்டில் தொடக்கப் பகுதியை 'ஏ மெரோ' என்பார்கள், அடுத்து ஏறி வரும் பாலத்தை 'பி மெரோ', கோரஸை 'சபி'. ஏ மெரோ தாழ்ந்தும் சபி உயர்ந்தும் இருப்பது இன்றைய பாட்டுகளின் வழக்கம். இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் உங்கள் குரலின் மொத்த நீளத்தை விட அதிகம் என்றால், எத்தனை தட்டு தட்டினாலும் ஏதாவது ஒரு முனை நழுவும். அப்போது அந்தப் பாட்டை விட்டுவிடுங்கள், அல்லது இன்னொரு தந்திரத்தைக் கையாளுங்கள்: முழுப் பாட்டையும் ஒரு ஸ்தாயி கீழே பாடுவது, அதற்கு ஈடாகக் கீயை நாலைந்து தட்டு மேலே ஏற்றுவது. ஒரு ஸ்தாயி என்பது பன்னிரண்டு தட்டு. அவ்வளவு இறங்கினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். அதில் ஐந்தை மீட்டுக்கொண்டால் ஏழு மட்டும் இறங்கியதாகக் கணக்கு. ஒரு ஸ்தாயி கீழே பாடுவதற்கு 'ஒகு ஷிதா' என்று பெயரே இருக்கிறது. பெண் பாடகிகளின் பாட்டை ஆண்கள் பாடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

கீயை மாற்றுவது, மேஜை மேல் இருக்கும் தொடுதிரைப் பலகையில் பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே நடக்கட்டும். கரோக்கே எந்திரங்களில் 'டாம்', 'ஜாய்சவுண்ட்' என்று இரண்டு வகை உண்டு. 'டாம்' எந்திரத்தில் அந்தப் பலகைக்கு 'டென்மொகு' என்று பெயர், 'ஜாய்சவுண்ட்' எந்திரத்தில் 'க்யொகுநாபி'. பாட்டை அனுப்பும் திரையிலேயே கீ மாற்றும் இடம் உண்டு. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் தட்டினால் வாத்தியமெல்லாம் சட்டென்று சரியும், கேட்பவருக்கு லிஃப்ட் இறங்கியது போல வயிறு கலங்கும். அசல் சுருதியை 'கென்க்யொகு கீ' என்பார்கள். இளைஞர்கள் சிலர் அதில் பாடுவதை ஒரு கௌரவமாகவே வைத்திருக்கிறார்கள். கழுத்து நரம்பு புடைக்க அவர்கள் பாடட்டும், கைதட்டுங்கள். நாம் மூன்று தட்டு இறக்கிக்கொள்வோம்.

இதில் ஒரு வேடிக்கை. இந்த உயர்ந்த ஆண் பாட்டுகள் அசலில் நன்றாகப் பொருந்துவது பெண் குரலுக்கு. யூரியின் 'டிரை ஃபிளவர்' பாட்டை என் மனைவி பொத்தானைத் தொடாமலே பாடுகிறாள். நான் அதே பாட்டுக்கு நாலு தட்டு இறங்க வேண்டியிருக்கிறது. இதைப் படிக்கும் பெண்கள், ஆண் பாட்டு நமக்கெதற்கு என்று தள்ளிவிடாதீர்கள்.

சரி, எந்தப் பாட்டு?

தாழ்ந்த குரல் உள்ளவர்களுக்கு நான் முதலில் காட்டுவது நதோரியின் 'ஓவர்டோஸ்'. 2022-இல் வந்தது. கத்தல் கிடையாது, காதோரம் பேசுவது போன்ற மெல்லிய பாட்டு. தாளம் நடனத் தாளம், ஆனால் குரல் சோம்பலாக அதன் மேல் சாய்ந்திருக்கும். இதைப் பாட மைக்கை உதட்டுக்கு அருகில் வைத்துக்கொண்டு சத்தத்தைக் குறையுங்கள். கச்சேரி பழக்கத்தில் மைக்கைத் தள்ளிவைத்து ஓங்கிப் பாடினால் பாட்டின் உயிரே போய்விடும்.

அடுத்தது ஃபுஜீ கஸே. ஒகயாமா மாகாணத்தின் சின்ன ஊரில் 1997-இல் பிறந்து, சிறு வயதிலிருந்தே யூடியூபில் பியானோ வாசித்துப் பெயர் வாங்கியவர். ஒகயாமா வட்டார வழக்கு அவர் பாட்டுகளில் அங்கங்கே தலைகாட்டும். 'ஷினு நோ கா ஈ வா' 2020-இல் வந்த முதல் ஆல்பத்திலேயே இருந்த பாட்டு. இரண்டு வருடம் கழித்து தாய்லாந்தில் டிக்டாக்கில் தீப்பிடித்து உலகம் முழுக்கப் பரவியது. அந்த ஆல்பத்தின் பெயர் 'ஹெல்ப் எவர் ஹர்ட் நெவர்'. நம் பக்கத்து ஆட்களுக்கு இந்த வாசகம் எங்கேயோ கேட்டது போல இருக்கும். ஆமாம், புட்டபர்த்தி சத்ய சாய்பாபாவின் வாசகமேதான். 2022-இல் வந்த 'கிரேஸ்' பாட்டின் வீடியோவை அவர் இந்தியாவில்தான் எடுத்தார். அலுவலகத்தில் இந்தப் பாட்டைப் பாடிவிட்டு இந்தத் தகவலையும் சொல்லிப் பாருங்கள், அரை மணி நேரப் பேச்சுக்குத் தீனி. அதைவிட முக்கியமான காரணம், அவருடைய பாட்டுகளில் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் இடங்கள் நிறைய. சினிமாப் பாட்டும் கமகமும் கேட்டு வளர்ந்த தொண்டைக்கு இது இயல்பாக வரும். நேராகக் குத்திட்டு நிற்கும் சுரங்களை விட நமக்கு இது எளிது.

பேக் நம்பர் குழுவின் 'சுய்ஹெய்சென்' மெதுவாகப் பாட விரும்புகிறவர்களுக்கு. 2020-இல் கொரோனாவால் பள்ளி மாணவர்களின் தேசிய விளையாட்டுப் போட்டி ரத்தானபோது, அந்தப் பிள்ளைகளுக்காக எழுதிய பாட்டு இது. குழுவினர் குன்மா மாகாணத்துக்காரர்கள், அந்த வருடப் போட்டி குன்மாவை மையமாக வைத்து நடக்க இருந்தது. எளிய சொற்கள், நிதானமான ஓட்டம். ஜப்பானிய மொழி பழகும்போதே பாட ஏற்றது. பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் சக ஊழியர் யாராவது அறையில் இருந்தால் பாட்டு முடியும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கீயை இரண்டு மூன்று இறக்கலாம், மோசமாகாது.

யோனெஸுவின் 'லெமன்' 2018-இல் வந்தது. பழசுதானே என்று தோன்றலாம். ஆனால் ஐம்பது வயது மேலாளருக்கும் இருபத்திரண்டு வயதுப் புதியவருக்கும் ஒருசேரத் தெரிந்த பாட்டு வேண்டுமென்றால் இதற்கு மேல் எது? 'அன்நேச்சுரல்' என்ற டிவி தொடருக்கு எழுதியது. ஆண்களும் பெண்களும் இரண்டு அணியாகப் பாடும் 'கொஹகு' நிகழ்ச்சியை ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்ஹெச்கே வருடக் கடைசி நாளில் நடத்தும். அந்த வருடம் அதில் அவர் தன் சொந்த மாகாணமான தொகுஷிமாவின் ஒரு கலை அருங்காட்சியகத்திலிருந்து இதை நேரலையில் பாடினார். இந்தப் பாட்டில் கவனிக்க வேண்டியது தொடக்கம். முன்னிசை கிடையாது, குரலோடுதான் பாட்டே ஆரம்பிக்கிறது. முதல் சுரத்தை நீங்கள் முன்கூட்டியே மனசில் பிடித்து வைத்திருக்க வேண்டும். நான் செய்வது, எனக்கு முந்தின ஆளின் கைதட்டல் சத்தத்துக்கு நடுவில் போனைக் காதில் வைத்து முதல் வரியை ஒருதரம் கேட்டுவிடுவது. இன்னொரு சின்ன விஷயம்: தாளத்தின் நடுவே 'வெ' என்று ஒரு வெட்டுக் குரல் வந்து வந்து போகும். கூட இருப்பவர்கள் அதைச் சரியான இடத்தில் போடுவதில் தனி ஆனந்தம் அடைவார்கள். அவர்களிடம் விட்டுவிடுங்கள், நீங்கள் போடப் போனால் மூச்சு தட்டும்.

'ஹகுஜித்ஸு' இதே சிக்கலின் பெரிய வடிவம். கிங் நூ, 2019. வாத்தியம் ஏறக்குறைய இல்லாத வெற்றிடத்தில் இகுசி ஸதோரு பொய்க்குரலில் தொடங்குவார். அவர் தோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் குரலிசை படித்தவர். அப்புறம் தாளம் வந்து இறங்கும், இரண்டாவது ஆண் குரல் தாழ்ந்த சுருதியில் சேரும். தனியாகப் பாடாதீர்கள். இரண்டு பேராக எடுத்துக்கொண்டு, தாழ்ந்த பங்கை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அறையில் வழக்கமாக இரண்டு மைக் இருக்கும், அது எதற்கு இருக்கிறது?

ஹிகெடான் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அஃபிஷியல் ஹிகெ டான்டிஸம் குழுவின் 'பிரிடெண்டர்' எல்லோருக்கும் பிடிக்கும். எல்லோரும் அதன் சபியில் தடுக்கி விழுவார்கள். அதன் பாடகர் ஃபுஜிஹரா ஸதொஷி முழுநேரமாக இசைக்கு வரும் முன் வங்கியில் வேலை பார்த்தவர். அந்த மனிதருக்கு இப்படி ஒரு குரல் ஒளிந்திருந்தது. நாலு ஐந்து தட்டு இறக்காமல் தொடாதீர்கள். மிஸஸ் கிரீன் ஆப்பிள் பற்றி என் கருத்து இன்னும் கறாரானது: கேளுங்கள், பாட வேண்டாம். 'கெ செரா செரா' 2023-லும் 'லைலாக்' 2024-லும் ஜப்பான் ரெகார்ட் விருது வாங்கின. குழுவின் பாடகர் ஓமொரி மொதொகி ஒரே வரிக்குள் நெஞ்சுக்குரலில் ஏறி, பொய்க்குரலுக்கு எகிறி, மறுபடி இறங்கிவிடுவார். கீயை இறக்கினாலும் அந்தத் தாவல்கள் இறங்காது, அப்படியேதான் இருக்கும். இவர்கள் பாட்டை யாராவது பாடும்போது டாம்பரின் அடிப்பதே எனக்குத் திருப்தி.

குரலே இல்லை, சுருதியும் சேராது என்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. கொச்சி நோ கென்டோவின் 'ஹாய் யொரொகொந்தே' 2024-இல் பட்டிதொட்டி எல்லாம் ஒலித்தது. இஸகயா எனப்படும் மதுக்கடைகளில் ஆர்டர் சொன்னதும் பணியாளர்கள் உரக்கச் சொல்லும் பதில்தான் தலைப்பு. உற்சாகமான ஆட்டப் பாட்டு மாதிரி இருக்கும், உள்ளே மோர்ஸ் குறியில் உதவி கேட்டுக்கொண்டிருக்கும். அலுவலகக் கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு நான் பார்க்கவில்லை. வேகம் வேண்டும், வீச்சு அவ்வளவு வேண்டாம். கிரீப்பி நட்ஸின் 'ப்ளிங் பாங் பாங் போர்ன்' அதே வருடம் பில்போர்டு ஜப்பான் ஆண்டுப் பட்டியலில் முதலிடம். பாடுவது ராப் போட்டிகளில் மூன்று வருடம் தொடர்ந்து தேசியப் பட்டம் வென்ற ஆர்-ஷிதெய், எனவே சொற்களை முழுதாகச் சொல்லிவிடலாம் என்று கனவு காணாதீர்கள். இரண்டு மைக்கில் வரிக்கு வரி மாற்றி மாற்றிச் சொல்லுங்கள், தலைப்பு வரும் இடத்தில் மொத்த அறையும் சேர்ந்துகொள்ளும். வவுண்டியின் 'காய்ஜூ நோ ஹனஉத'வும் சபியில் எல்லோரும் எழுந்து பாடும் பாட்டு. 2020-இல் வந்து, 2022 கொஹகுவில் பாடிய பிறகு காட்டுத்தீயாகப் பரவியது. மூன்று இறக்கிக்கொண்டு தொடங்கிவிடுங்கள், மீதியைக் கூட்டம் பார்த்துக்கொள்ளும்.

பாட்டை எடுத்தாயிற்று, இனி சொற்கள். பெரும்பாலான நம் ஆட்கள் பாட்டு வரிகளைத் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு பாடுவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. நமக்கு க, ச, ட, த, ப ஒவ்வொன்றிலும் அழுத்தமான ஒலிக்கும் மென்மையான ஒலிக்கும் ஒரே எழுத்து, இடத்தைப் பார்த்து ஒலியை மாற்றிக்கொள்வோம். 'நான்' என்பதற்கான ஜப்பானியச் சொல்லை 'வதஷி' என்று எழுதினால், நடுவில் வரும் 'த'வை நம் நாக்கு தானாக மெல்லிசாக்கிவிடும். வல்லினமாக ஒலிக்கட்டும் என்று 'வத்தஷி' என்று எழுதினால் அது வேறு தப்பு, ஏனென்றால் இரட்டிப்பு ஜப்பானிய மொழியில் பொருளையே மாற்றும். 'கித' என்று வல்லினத்தோடு சொன்னால் 'வந்தான்', 'கித்த' என்றால் 'வெட்டினான்'. நான் கண்டுபிடித்த வழி: இரட்டிக்காமல் அழுத்தி ஒலிக்க வேண்டிய எழுத்தின் தலையில் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி, மென்மையாக ஒலிக்க வேண்டியதன் அடியில் ஒரு கோடு. ஒரு பாட்டுக்கு இது தாங்கும். மூன்று பாட்டு ஆனதும் ஜப்பானிய ஒலியெழுத்தான ஹிரகானாவைப் படித்துவிடுவது சுலபம். நாற்பத்தாறு எழுத்துதான். வரிசையும் நமக்குப் பழகினது: அ, இ, உ, எ, ஒ, பிறகு க வரிசை, ச வரிசை, த வரிசை, ந வரிசை என்று போகும். சமஸ்கிருத எழுத்து முறையின் செல்வாக்கில் அமைந்த வரிசை அது, அதனால்தான் அரிச்சுவடி போலவே இருக்கிறது. கரோக்கே திரையில் 'காஞ்சி' எனப்படும் சீன எழுத்துகளின் தலைக்கு மேல் சின்னதாக ஹிரகானா போட்டிருப்பார்கள். அதைப் படிக்கத் தெரிந்தால் தாளும் பேனாவும் தேவையில்லை.

நமக்குச் சாதகமான விஷயங்களும் உண்டு. குறில் நெடில் வேறுபாடு நம் ரத்தத்தில் இருக்கிறது, இரட்டிக்கும் மெய்யும் அப்படியே. மற்ற நாட்டவர்கள் திணறும் இடம் இவை இரண்டும்தான். ஆனால் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, சொல்லின் நடுவிலும் முடிவிலும் வரும் 'ன்' தனக்கென்று ஒரு முழுத் தாள அளவை எடுத்துக்கொள்ளும். மெட்டில் அதற்குத் தனிச் சுரமே கொடுத்திருப்பார்கள். 'லெமன்' என்பது நமக்கு இரண்டு அசை, அவர்களுக்கு ரெ, மோ, ன் என்று மூன்று. அந்த 'ன்'-ஐ மூக்கில் நிறுத்தி இழுக்க வேண்டும், விழுங்கக் கூடாது. இரண்டாவது, பேசும்போது அமுங்கிப் போகும் உயிரொலிகள் பாட்டில் திரும்பி வரும். 'பிடிக்கும்' என்பதற்கு அவர்கள் பேச்சில் 'ஸ்கி' என்பது போலத்தான் காதில் விழும். நீண்ட சுரத்தின் மேல் அது வந்தால் 'சு' என்று உகரத்தோடு விரியும். பாடகர் எங்கே விரிக்கிறார், எங்கே அமுக்குகிறார் என்று பாட்டைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். வேகமான பாட்டுகளில் அமுக்குவார்கள், மெதுவான காதல் பாட்டில் விரிப்பார்கள்.

பொருளையும் ஓரளவு தெரிந்துகொள்ளுங்கள். 'டிரை ஃபிளவர்' யூரி பாடினாலும் பேசுவது ஒரு பெண். அவருடைய முந்தைய பாட்டான 'ககுரெம்போ' ஆணின் பக்கத்துக் கதை, இது அதற்கு அந்தப் பெண்ணின் பதில். சாசி டாக் குழுவின் 'சிண்டரெல்லா பாய்' பாட்டும் அப்படித்தான், ஆண் குரலில் பெண்ணின் வார்த்தை. ஜப்பானில் இது எந்தக் கூச்சமும் இல்லாத பழைய வழக்கம். பெண்பால் சொற்களை ஆண்பாலாக மாற்றிப் பாட முயலாதீர்கள், மெட்டு உடையும்.

ஒத்திகைக்குத் தனியாகப் போங்கள். இதற்கு 'ஹிதோகரா' என்று பெயரே உண்டு, ஒருவரும் ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள். வார நாள் பகலில் அரை மணிக்குச் சில நூறு யென்னில் முடியும், அதோடு ஒரு பானம் வாங்க வேண்டியிருக்கும். வெள்ளி, சனி இரவில் அதே அறை பல மடங்கு. வரவேற்பில் எந்த எந்திரம் வேண்டும் என்று கேட்டால், அலுவலகக் கூட்டம் வழக்கமாகப் போகும் கடையில் எது இருக்கிறதோ அதையே சொல்லுங்கள். அனிமே பாட்டு அதிகம் பாடுபவர்களுக்கு ஜாய்சவுண்ட் பிடிக்கும், மதிப்பெண் வெறி உள்ளவர்கள் டாமை விடமாட்டார்கள். டாமின் 'செய்மித்ஸு சாய்தென்' போட்டால் சுரப் பட்டைகள் திரையில் ஓடும், நீங்கள் எங்கே தவறுகிறீர்கள் என்று நிறத்தில் தெரியும். கீழிருந்து சுரத்துக்கு வழுக்கி ஏறுவதை 'ஷகுரி' என்றும், பிருகா போன்ற சிறு திருப்பத்தை 'கொபுஷி' என்றும் அது எண்ணும். நம் ஆட்களுக்கு இவை இரண்டும் கேட்காமலே வந்து விழும். விழாதது 'யொகுயோ', அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது. ஏ மெரோவில் மைக்கை நெருக்கி மெதுவாகவும், சபியில் கொஞ்சம் விலக்கி ஓங்கியும் பாடினால் அந்த எண் ஏறும். ஒத்திகையில் மட்டும் இந்த விளையாட்டு. அலுவலகக் கூட்டத்தில் மதிப்பெண்ணை அணைத்துவிடுங்கள், மேலாளருக்கு 71 வந்து உங்களுக்கு 88 வந்தால் யாருக்கு லாபம்?

கூட்டத்தில் நடந்துகொள்ளும் முறை அதிகமில்லை. முதல் ஆளாக உருக்கமான பாட்டை எடுக்க வேண்டாம். உங்கள் பெயரில் ஒரு நேரத்தில் ஒரு பாட்டுதான் வரிசையில் நிற்கட்டும். அடுத்தவர் பாடும்போது பலகையையே குனிந்து பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மேலாளர் ஷோவா காலத்து, அதாவது 1989-க்கு முந்தைய, பாட்டு எடுத்தால் அதற்கு அடுத்து ஹோஷினோ கெனின் 'கொய்' போடலாம். 2016-இல் அந்தப் பாட்டு இடம்பெற்ற டிவி தொடரும் அதன் நடனமும் ஓடாத வீடில்லை, தலைமுறை இடைவெளி சட்டென்று மூடிக்கொள்ளும்.

புதுப் பாட்டுகளைத் தொடர்ந்து பிடிக்க வேண்டுமானால் காலண்டரைப் பாருங்கள். ஜப்பானில் டிவி தொடர்களும் அனிமேக்களும் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு தவணையில் மாறும். பெரிய பாட்டுகள் இவற்றோடு ஒட்டிக்கொண்டுதான் வருகின்றன. ஹிகெடானின் 'சப்டைட்டில்' 2022 அக்டோபரில் 'சைலன்ட்' தொடரோடு வந்தது, ஒமொஇனோதகெ குழுவின் 'இகுஒகு கோநென்' 2024 ஜனவரித் தவணையில் 'ஐ லவ் யூ' தொடரோடு. தவணை தொடங்கி ஒரு மாதம் ஆனதும் புதன்கிழமை வெளியாகும் பில்போர்டு ஜப்பான் பட்டியலைப் பாருங்கள். கரோக்கேயில் எத்தனை தடவை பாடப்பட்டது என்பதையும் அது கணக்கில் சேர்க்கிறது. டிசம்பர் 31 கொஹகுவில் ஆண்கள் அணி வெள்ளை அணி. அந்தப் பெயர்ப் பட்டியல் வெளியானதும் அதிலிருந்து இரண்டு பாட்டைத் தேர்ந்தெடுத்தால் புத்தாண்டு விருந்துகளுக்குப் போதும்.

பிடித்த பாட்டைப் போனில் குறித்துவைக்கும்போது பெயரை ஜப்பானிய எழுத்திலேயே எழுதுங்கள், பலகையில் தேட அது வேண்டும். பக்கத்தில் உங்கள் கீ எண்ணையும் போடுங்கள்: 'லெமன், மைனஸ் 3', 'சுய்ஹெய்சென், மைனஸ் 2' என்று. நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது அறையின் தொலைபேசி அடிக்கும், நீட்டிக்கிறீர்களா என்று கேட்பார்கள். யாரும் நீட்டிக்கவில்லை என்றால் கடைசிப் பாட்டுக்கு எல்லோரும் தெரிந்த ஒன்றாகப் பாருங்கள். அப்போது பொத்தானை இரண்டு தட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பெண்களும் சேர்ந்து பாட வேண்டுமே.